பங்கேற்பாளருக்குச் செலவில்லை

காந்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில்
பலகைகளில் பெங்காலி பெரிதாகவும்
தமிழ் அதன் காலடியிலும் இருக்கிறது.
கத்திரி வெயில். பதினொரு மணிக்கே
மாடிப்படிக் கைப்பிடி சுடுகிறது.
மூன்றாவது மாடி, அறை பதினான்கு,
படிவம் எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

முதல் பக்கம் ஒப்புதல்.
நான் வாசிக்க வாசிக்க
ரூம் பாய் இம்தியாஸ் மொழிபெயர்க்கிறான்.
பேர்ணாம்பட்டுக்காரன்,
பெட்டி தூக்கித் தூக்கிக் கற்ற பெங்காலி.
நோய்களின் பெயர் அத்தனையும் தெரியும்,
ஒரு பூவின் பெயர் தெரியாது.
'இந்த ஆய்வில் கலந்துகொள்வதால்
உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை.'
ஷெஃபாலி மண்டல் தலையசைத்துக்
கையெழுத்துப் போட்டாள்.
கட்டிலில் கணவன்
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

கேள்வி ஐந்து:
இதற்கு முன் வெளிநாடு சென்றதுண்டா?
'இதுதான்' என்று
வராந்தாவில் இருந்த தண்ணீர் கேனைக் காட்டினாள்.

எனக்கு வெளிநாடு என்றால் ஹேக்.
டிராம், குறுக்கே அடிக்கும் மழை,
கல்விக்கடனுக்கு காட்பாடி கிளையில்
அப்பா போட்ட ஒன்பது கையெழுத்து.
அவளுக்கு வெளிநாடு
நான் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி டியூஷன் போன தெரு.

வீட்டின் செலவுத்திறனில்
நாற்பது சதவீதத்தைத் தாண்டினால்
பேரழிவுச் செலவு என்று பெயர்.
முப்பத்தொன்பதுக்குப் பெயர் இல்லை.
இதை எப்படிக் கேட்பது என்று நான் யோசிக்கையில்
அவள் தலையணைக்கடியிலிருந்து
ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள்.

இடப்பக்கம் டாக்கா, வலப்பக்கம் ரூபாய்.
விசா. எல்லை வரை பஸ்.
ஹவுராவிலிருந்து ரயில், இரண்டு ராத்திரி.
ஸ்கேன். மறுபடி ஸ்கேன்.
அடுப்பு வாடகை நாளுக்கு நாற்பது,
பாத்திரம் மூன்று, மூடி ஒன்று குறைகிறது.
மீன் அரைக் கிலோ,
ஓரத்தில் குறிப்பு: மண் வாசம், இனி வாங்காதே.
வரவு என்று ஒரே ஒரு வரி:
குளத்தில் எங்கள் பங்கு.

கோட்டை உண்டு ராஜா இல்லை,
ஆறு உண்டு தண்ணீர் இல்லை என்று
எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
என் படிவத்திலும் கட்டங்கள் உண்டு.
நேரடி, மறைமுகம், பிற.

கடைசி வரி இன்றைய தேதி.
இம்தியாஸ் எழுத்துக் கூட்டிப் படிக்க
அவள் இரண்டு இடத்தில் திருத்தினாள்.
'கேள்வி கேட்கிற பொண்ணுக்கு டீ.
பன்னிரண்டு ரூபாய்.'

கிளாஸைப் பார்த்தேன்.
அடியில் சர்க்கரை மட்டும்.

அன்றிரவு பேராசிரியர் திரையில் வந்தார்.
அவர் ஜன்னலில் இன்னும் பகல்.
இருநூற்றுப் பன்னிரண்டைச் சுட்டி
வருமானத்தைப்போல் மூன்று மடங்கு செலவா,
தட்டச்சுப் பிழையா என்றார்.
பிழையில்லை என்றேன்.
அப்படியென்றால் விலகல் புள்ளி,
நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றார்.
நல்ல மனிதர்.
சாப்பிட்டாயா என்றும் கேட்டார்.
டீயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
அழைப்பு முடிந்ததும்
'பிற' என்ற கட்டத்தில் பன்னிரண்டைக் கூட்டி
நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் தொடங்கினேன்:
'மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,
பங்கேற்பாளர் ஒருவருக்குச் செலவு ஏற்பட்டுவிட்டது.'
அதற்கு மேல் வரவில்லை.

வரவேண்டியது மத்தியானமே நடந்துவிட்டது.
கேள்வி முப்பத்தாறில் இருந்தோம்,
கடன் கொடுத்தவர் உறவினரா, வட்டிக்காரரா, இருவருமா.
ஷெஃபாலி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
கீழே போய் இன்னொரு டீ வாங்கிவரச் சொன்னாள்.
பென்சில் கையில் தயாராக இருந்தது.
வேண்டாம் என்பதற்கு
பெங்காலியில் என்ன சொல்வது என்று
இம்தியாஸைக் கேட்டேன்.
ஏழு வருஷமாச்சு அக்கா,
அந்த ஒரு வார்த்தை எனக்கு வேலைக்கு வந்ததில்லை என்று
பிளாஸ்கை எடுத்துக்கொண்டு
படியிறங்கினான்.