ஆறு மில்லிமீட்டர்

எக்ஸ்ரேயில் ஐந்தாம் எலும்பு
கீழ்ப்படியை விட்டு
ஆறு மில்லிமீட்டர் முன்னே நிற்கிறது,
வரிசையில் நிற்கப் பொறுக்காத ஆள்போல.

'கத்தி வேண்டாம்' என்றாள் மோர்வென்னா.
'நழுவியது திரும்பாது.
மேலும் நழுவாமல் வயிறு பிடிக்கட்டும்.'

முப்பது வருடம் குனிந்தே
சவுத்லாந்தின் கம்பளியைக் கழற்றியவன்.
விட்டத்தில் தொங்கும் இடுப்புவாரைப் பார்த்து
கிழவர் ஊஞ்சல் என்று சிரித்தவன்.

இப்போது கொட்டகைப் பலகையில் மல்லாந்து
வலக் கை, இடக் கால்
மெல்ல நீட்டுகிறேன்.
மேய்ச்சலில் மல்லாந்த ஆடு
தானாக எழாது, புரட்டிவிட வேண்டும்.
எத்தனையைப் புரட்டியிருப்பேன்.

தாமாட்டி வாசலில் நிற்கிறான்.
'எத்தனை ஆச்சு?'
'ஏழு.'
'பத்து சொன்னாளே.'

கால் இன்னும் மரத்துப்போகிறது, பெருவிரல் வரை.
நாளை அந்த வாரைக் கட்டிப் பார்க்கணும்,
யாரும் வருமுன்.