மீட்டருக்கு நூற்றெண்பது

பிராவெல் ஊரில் நாற்பத்தொரு வீடு.
முப்பத்தெட்டு, மாதாகோயில் மணி கேட்கும் தூரத்தில்.
மீதி மூன்றும் மேலே,
பாறைத் தடத்தில் ஆயிரத்து நானூறு மீட்டர்.

புல்வெளியைத் தோண்ட மீட்டருக்குத் தொண்ணூறு பிராங்.
பாறை என்றால் நூற்றெண்பது.
கண்ணாடி இழை தலைமுடி கனம்,
விலையும் அப்படித்தான்.
காசெல்லாம் பள்ளத்துக்கு.
ஒளி போக வழி செய்கிறோம் என்று சொல்லி
நாங்கள் வாங்குவது முழுக்க மண்.

கம்பி நீட்டுவது என்றால்
என் மொழியில் சொல்லாமல் ஓடிப்போவது.
இங்கே நேர்மாறு.
கம்பி நீட்டியவன் நகர முடியாது.
நாலு லட்சத்து நாற்பத்தோராயிரம்
முதல் கோடையிலேயே புதைந்துவிடும்.
பிறகு ஆண்டுக்கு நாலாயிரம்,
அது மண்ணுக்குள் சத்தமில்லாமல் கிடக்கும்.

எதிர்மலையில் கோபுரம் வைத்தால்
ஒரு லட்சத்து அறுபதாயிரத்தோடு வேலை முடிந்தது.
முடிந்ததா?
கோபுரம் என்றால் நித்திய பூசை உண்டே.
மின்சாரம், நில வாடகை,
பனியில் ஏறிப் போகிறவனின் கூலி,
ஆண்டுக்குப் பதினாலாயிரம்.
எட்டு வருடத்துக்கொரு கும்பாபிஷேகம்:
பழைய பெட்டியை இறக்கிப் புதியதை ஏற்ற
நாற்பத்தையாயிரம்.

இரண்டு கோடு வரைந்தேன்.
இருபதாம் ஆண்டில் ஒன்றையொன்று வெட்டின.
முப்பதாம் ஆண்டில் கம்பிக்கு லாபம்
ஒரு லட்சத்து ஐம்பத்து நாலாயிரம்.
அறிக்கையை மூடியிருக்கலாம்.

ஆனால் தாளின் மூலையில் ஒரு சின்னக் கட்டம்.
நாளைய பிராங் இன்று எவ்வளவு பெறும்?
நாலு சதவீதம் என்று போட்டேன்.
கோபுரம் ஜெயித்தது.
இரண்டு என்று திருத்தினேன்.
கம்பி ஜெயித்தது.
மலை அசையவில்லை,
பாறையின் விலையும் மாறவில்லை.
வருங்காலத்தை எவ்வளவு மலிவாக நினைக்கிறேன்
என்று மட்டும்தான் அந்தக் கட்டம் கேட்டது.
மூன்று போட்டுச் சமாளிக்கலாமா என்று யோசித்தபடி
ஒரு தேநீர் ஆற விட்டேன்.

கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில்.
செரைனா கப்லாசி, ஊர்த்தலைவி,
படத்திரையின் கோடுகளை மரியாதையாகப் பார்த்தார்.
மேல்வீட்டுத் தூரி பெஷ் எழுந்து நின்று
ஒன்றே ஒன்று கேட்டார்:
"என் ஒருவனுக்காக எவ்வளவு?"
மூன்றால் வகுத்து எண்பத்து நாலாயிரம் என்றேன்.
"என் மாடுகள் எல்லாம் சேர்ந்தும் அவ்வளவு தேறாது"
என்று சொல்லி உட்கார்ந்தார்.
யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பின்வரிசையில்
தண்ணீர்க் குழாய் பார்க்கும் ஃபுளூரின்,
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"மேல் ஊற்றுக் குழாய் துருப்பிடித்துவிட்டது.
அடுத்த வருடம் அந்தத் தடத்தை
எப்படியும் நான் கிழிக்கத்தானே போகிறேன்?"

மண்டபம் ஒரு நிமிடம் பேசவில்லை.
இரண்டரை லட்சம்
அறுபதாயிரமாகச் சுருங்கியது, என் கண்ணெதிரே.
நாலு போட்டாலும் கம்பி, இரண்டு போட்டாலும் கம்பி.
மூன்று மாதம் கணக்குப் போட்டவள் நான்.
தண்ணீரைப் பற்றி ஒருவரையும் கேட்கவில்லை,
என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

கடைசிப் பேருந்தில் சூர் நகருக்குத் திரும்பினேன்.
வாடகை வீடு, மூன்றாம் மாடி.
ஜன்னலோரம் ஒரு வெள்ளைப் பெட்டி,
காற்றிலிருந்து இணையம் பிடித்துத் தரும்.
மாதம் நாற்பத்தொன்பது பிராங்,
முப்பது நாள் முன்னறிவித்தால் முறித்துக்கொள்ளலாம்.
ஆறு வருடமாக முறிக்கவில்லை.
சுவரில் கம்பி இழுத்துத் தரட்டுமா என்று
வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
பார்க்கலாம் என்றேன்.

பெருக்கிப் பார்த்தேன், சும்மா, பல் துலக்கும்போது.
மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்தெட்டு.