ஐம்பது கிராம்

கியூம்ரியில் மாவு கிடைக்காத அந்தக் குளிர்காலம்,
கடையின் கிலோக் கல்லை
அடியில் அரம் போட்டுத் தேய்த்தவள் நான்தான்.
ஐம்பது கிராம்.

பாவமன்னிப்பு சொல்லிவிட்டார் பாதிரியார்.
முழங்கால் எழுந்தது,
நெஞ்சு எழவில்லை.

கோட்டுப் பையில் கல்லைப் போட்டுக்கொண்டு
ஹைகானுஷ் வீட்டுப் படியேறினேன்.
மூன்று பிள்ளைகளுக்கு அவள் ரொட்டி அறுத்த வீடு.
பாதி சொல்வதற்குள் தொண்டை அடைத்தது.

வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்,
வெகுநேரம்.
"தெரியும். அறுக்கும்போது கத்தி சொல்லும்."

பிறகு,
காற்றில் அடித்துக்கொண்டிருந்த சமையலறைக் கதவுக்கு
அதை முட்டுக்கொடுத்தாள்.
கதவு நின்றது,
திறந்தபடி.

கர்த்தாவே, குறைந்த கல்லும்
ஒரு கதவுக்குப் போதுமா?

இறங்கி வருகையில்
முன்பின் தெரியாத வண்டிக்காரனைப் பார்த்துச்
சிரித்துவிட்டேன்.
அவன் தன் தொப்பியைத்
தடவிப் பார்த்துக்கொண்டான்.