பதினாறு

கம்பளி நிறுக்கும் தொங்கு தராசில்தான்
அவனை நிறுத்தோம்.
வேறு தராசு எழுபது கிலோமீட்டர் தள்ளி.
என் மோட்டார்சைக்கிளில்
அவ்வளவு பெட்ரோல் இல்லை.

பெயர் நெர்கூய்.
மங்கோலியத்தில் பெயரில்லாதவன்.
முதல் இரண்டும் தங்காமல் போனபின்
தேடி வருவது எதுவானாலும்
ஏமாந்து திரும்பட்டும் என்று வைத்தது.
வலிப்பு ஏமாறவில்லை.
சீட்டில் நானும் அதையே எழுதினேன்:
பெயர், பெயரில்லை. எடை, பதினான்கு.

பதினான்கு கிலோவுக்குக்
காலையில் மூன்றரை மில்லி, இரவில் மூன்றரை.
ஊசியில்லாத சிரிஞ்சில்
அந்த அரையின்மேல் சிவப்பு நகப்பூச்சால் கோடிட்டேன்.
"கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் தீருமா?"
ஒயுன்சிமெக் கேட்டாள்.
"தூங்கிக்கொண்டே இருப்பான்."
"குறைத்தால்?"
நான் சொல்லவில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

அந்தக் குளிரில் பனி இரும்பாய் இறுகியது.
குளம்பால் உடைத்துப் புல்லை எட்ட முடியாமல்
ஆடுகள் நின்றபடியே விறைத்தன.
இருநூற்றுப் பத்தில் முப்பத்தொன்று மிச்சம்.
சிரப் உறையாதிருக்கப்
பாட்டிலைத் தேல் அங்கிக்குள்
மார்போடு கட்டிக்கொண்டு உறங்கினாள்.
கூடாரத் தூணில் வேளைக்கொரு கரிக்கோடு.
எண்ணினேன்.
ஒன்றுகூடத் தப்பவில்லை.

இருந்தும் மார்ச்சில்
ஒரே வாரத்தில் மூன்று முறை இழுத்தது.
புர்னீபாட் மனைவியைப் பார்த்தான்.
எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மறுபடி தராசு.
முதலில் தேலோடு. பதினெட்டரை.
"கழற்றுங்கள், பூட்ஸையும்."
அவற்றைத் தனியாகத் தொங்கவிட்டால் இரண்டரை.
நம்பாமல் பிள்ளையை வெற்றுடம்பாய்
இன்னொரு முறை தூக்கினோம்.
பதினாறு.

நாய் மெலிந்திருந்த வருடம்.
குதிரைக்கு விலா எண்ணலாம்.
ஒயுன்சிமெக்கின் மோதிரம் விரலில் நிற்காமல்
கழுத்து நூலில் தொங்கியது.
இவன் மட்டும்
இரண்டு கிலோ,
யாருக்கும் தெரியாமல்
மருந்தைத் தாண்டிப் போயிருக்கிறான்.

"நீங்கள் குறைக்கவில்லை.
இவன் கூடிவிட்டான்," என்றேன்.
சிரிக்கப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.
வெளியே காற்று இருந்தது,
அதற்கும் காது உண்டு.

நகப்பூச்சு தீர்ந்துவிட்டது.
நான்கில் கத்தி முனையால் கீறினேன்.
கீழே பழைய சிவப்புக் கோடு
அழியாமல் அப்படியே.
சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து
"எதுவரைக்கும்?" என்றான் புர்னீபாட்.
எதைக் கேட்டான் என்று சரியாக விளங்கவில்லை.
"நான்கு வரைக்கும்," என்றேன்.
பிள்ளை குளிரில் நடுங்கியபடி
ஒற்றைப் பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தான்.