முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

தினமும் காலையில் கடலைத் துளைத்து
அதன் தடிமனை அளப்பவர் தைஸ்தோ.
பனிச்சாலைத் துறையின் நாட்காட்டிக்கு
அவர் படம் ஒன்று வேண்டுமாம்.
பிப்ரவரி நண்பகல்,
அடிவானத்தில் ஹைலூட்டோ தீவு ஒரு பென்சில் கோடு,
குளிர் மைனஸ் இருபத்திரண்டு.

சூரியன் அவர் இடுப்புக்குமேல் ஏறவில்லை.
முதுகெல்லாம் தங்கம், முகம் கரி.
ஃபிளாஷை அவருடைய துளைக்கோலிலேயே கட்டினேன்.
"வெயில் அடிக்கும்போது விளக்கு எதற்கு, இர்யா?"

சொன்னேன்.
மற்ற கேமராக்களில் ஓடுவது திரை.
வேகம் கூடக்கூட அது முழுதாய்த் திறப்பதில்லை,
ஒரு பிளவு மட்டும் நகர்ந்து போகும்.
ஃபிளாஷ் அடித்தால் பாதி முகம்தான் கிடைக்கும்.
இதில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே குடியிருக்கிறது.
ஐந்து எஃகு இதழ்கள்.
எத்தனை அவசரமானாலும்
ஒருமுறை முழுக்க விரிந்துவிட்டுத்தான் மூடும்.
ஐந்நூறில் ஒரு நொடி.
அதற்குள் வானத்தை இருட்டாக்கி
உங்களை மட்டும் பகலில் நிறுத்திவிடுவேன்.

"ஐந்நூறில் ஒரு நொடி"
என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.
"சொல்லி முடிக்கவே அதைவிட நேரமாகிறதே."

லென்ஸைக் கோட்டுக்குள் அக்குளில் வைத்துக்
கொண்டு வந்திருந்தேன், முட்டையைப் போல.
கழற்றுமுன் ஷட்டரை ஏற்றி வைக்கவேண்டும்,
இல்லையென்றால் மாட்டும்போது பூட்டிக்கொள்ளும்.
ஒருமுறை மறந்தேன்.
ஒரு திருமணமே போயிற்று.

ஆறு படங்கள் ஒழுங்காக விழுந்தன.
இந்தக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு:
பொத்தானை அழுத்தியதும் உள்ளே கண்ணாடி மேலேறும்,
தானாக இறங்காது.
கைப்பிடியைச் சுற்றும்வரை
குனிந்து பார்த்தால் கிணற்றிருட்டு.
படம் விழும் அந்தக் கணத்தைப்
பார்க்காத ஒரே ஆள்
எடுக்கிற நான்தான்.

ஏழாவது.
'டக்' என்பதில் 'ட' வந்தது.
'க்' வரவில்லை.

இதழ்களில் எண்ணெய் இறுகிவிட்டது.
இருட்டுக்குள் குனிந்திருக்கிறேன்,
காலுக்கடியில் ஒரு முனகல் கிளம்பி
இழுத்துக் கட்டிய கம்பியைத் தட்டியதுபோல்
தீவுவரை ஓடிற்று.
அப்புறம்தான்
க்.

சுற்றினேன். வெளிச்சம் வந்தது.
அவர் இருந்த இடத்தில் துளைக்கோலும் விளக்கும்.
இடப்பக்கம் தேடினேன். பழக்கம் இருந்தும் மறந்துவிட்டேன்,
இதற்குள் இடம் என்பது வலம்.
குப்புறப் படுத்திருந்தார்,
தொப்பியைத் தூக்கிக் காதைப் பனியில் பதித்து.
"விரிசல் இல்லை," என்றார் எழாமலே.
"குளிரில் சுருங்குகிறது. பேச விடு."

நாட்காட்டிக்காரர்கள் மூன்றாவது படத்தை எடுத்துக்கொண்டார்கள்:
மைபோல் வானம், நடுவில் அவர்,
மூச்சு வாயைவிட்டு ஒரு சாண் தள்ளி உறைந்து நிற்கிறது.

ஏழாவதில் வானமே இல்லை. வெந்து வெளுத்த வெள்ளை.
அதில் அவர் இரண்டு பேர்.
ஒருவர் ஃபிளாஷில் வெட்டியெடுத்தவர்,
இமைமயிரில் படிந்த பனியை எண்ணலாம்.
இன்னொருவர் அவரிடமிருந்தே கழன்று,
புகையாய்ச் சரிந்து,
முழங்கால் பனியைத் தொடப்போகிறது.
எனக்குச் சத்தம் கேட்குமுன்
அவருக்குக் கேட்டிருக்கிறது.
மூட மறந்த ஐந்து இதழ்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனேன்.
வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்.
அந்த இரண்டாவது ஆளைப் பற்றிக் கேட்பார் என்று
பதிலெல்லாம் தயாராய் வைத்திருந்தேன்.
"எந்தத் தேதி?" என்றார்.
பதினொன்று.
சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார்,
படத்தைக் கவிழ்த்தார்,
பென்சிலை நாக்கில் தொட்டு முதுகில் எழுதினார்:
38 செ.மீ.

பிறகு திருப்பவே இல்லை.
எண் தெரியும்படி
அப்படியே அலமாரியில் சாய்த்து வைத்தார்.