பாகங்களுக்கு மட்டும்

எனக்கு வேண்டியது இரண்டு கார்புரேட்டர், முன் கிரில்.
"முழுசா எடுக்கிறண்டா எடு, இல்லாட்டிப் போ"
என்றாள் இர்மா ராகல்.
கையில் மீன் செதில் காயவில்லை.

கல்லடி, டச் பார். முருங்கைக்குக் கீழே
எம்.ஜி. மிட்ஜெட். பச்சை என்று சொல்லியிருந்தார்கள்.
கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில்
நகமளவு பச்சை இருந்தது, மெய்தான்.
மிச்சம் துரு.
ஓட்டுபவனின் இருக்கையில் அடைக்கோழி.

குனிந்து தரையைத் தட்டினேன்,
விரல் உள்ளே போயிற்று.
"கடல் தண்ணி பட்டதா?"
"மழைதான்."

கதவின் அடிமடிப்பைச் சாவியால் சுரண்ட
மணல் கொட்டியது. மணலோடு ஒரு சோகி.
அவளிடம் நீட்டினேன்.
வாங்கிப் பார்த்து, சட்டைப் பைக்குள் போட்டாள்.
விலையில் ஐந்து சதம் குறைக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும் என்பான் பங்காளி ஜவ்பர்,
அவன் சொல்வதும் சரி.

காசை இரண்டு தரம் எண்ணினாள்.
மறுகா சொன்னாள்,
"குஞ்சு பொரிக்க இன்னும் ஒன்பது நாள்.
அதுவரைக்கும் ஆட்டாத."

லொறிக்குப் பாதி வாடகை கொடுத்து
வெறுமனே கிறுக்கி அனுப்பினேன்.

பாலத்தில் வரும்போது கணக்கு:
கார்புரேட்டர் இரண்டு, கிரில் ஒன்று,
தரைக்குத் தகடு நாலடிக்கு மூன்றடி,
இருக்கைக்கு ரெக்சின்,
கோழியெச்சம் கழுவ ஒரு போத்தல் ஷாம்பு.

ஆரையம்பதி தாண்டித்தான் நினைவு வந்தது,
அந்த நகமளவு பச்சையைப்
படம் எடுக்காமல் வந்துவிட்டேன்.