திருத்தம்

எங்கள் வார ஏட்டின் ஐந்தாம் பக்கம், வலது மூலை,
நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே,
அறுபத்திரண்டு ஆகஸ்டில்
எல். பிள்ளை எழுதிய விமர்சனத்தில் ஒரு பிழை.

எல். பிள்ளை நான்தான். லோகாம்பாள்.
"மதிப்புக்குரிய ஐயா" என்றே
நாற்பத்தொரு வருடம் கடிதங்கள் வந்தன.
அதை நான் திருத்தவில்லை.
இது வேறு.

இந்தியா எங்கள் நாட்டோடு வியாபாரம் முறித்திருந்த காலம்.
படம் மட்டும் எப்படியோ
மொம்பாசா சுற்றி டர்பன் துறைமுகம் சேரும்.
ஒரே பிரதி, இரண்டு அரங்கு.
விக்டோரியா தெருவில் ஓடி முடிந்த சுருளைச்
சைக்கிளில் கட்டி உம்கேனி சாலைக்கு மிதிப்பான் பெக்கி.
நாங்கள் நாற்பது நிமிஷம் பிந்தி அழுவோம்.

அன்று ஐந்தாம் சுருளோடு திரை வெளுத்தது.
சனம் தரையை உதைத்தது.
மிளகாய்த்தூள் தடவிய அன்னாசித் துண்டொன்று
திரையில் பட்டு மெல்ல வழுக்கி இறங்கியது,
அதற்கும் விசில்.
பிறகு முதலாளி மகன் காரில் கொண்டுவந்தது
ஏழாம் சுருள்.
ஐந்தில் புருஷனை வாசலோடு விரட்டியவள்
ஏழில் அவனுக்குச் சோறு போடுகிறாள்.

எழுதினேன்:
"மன்னிப்பு எப்படி வந்தது என்று
காட்டத் தெரியாத இயக்குநர்."

அந்த ஒரு வரியை
மீன் சந்தையில் சொல்லிச் சிரித்தார்கள்.
ஆசிரியர் கூப்பிட்டு
வாராவாரம் எழுது என்றார்.
அதில்தான் என் பிழைப்பு.

சாட்ஸ்வொர்த்துக்கு எங்களை லாரியில் ஏற்றினார்கள்;
படம் பார்க்க இரண்டு பஸ் மாறினோம்.
தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு
தாய்மார் காதில் கதை சொல்ல,
அரங்கு முழுக்கத் தேனீக் கூடு மாதிரி ஒரு முணுமுணுப்பு.
அப்புறம் டிவி வந்தது. கேசட் வந்தது,
ஒரு கல்யாண வீட்டில் மூன்று படம் ஓடியது,
யாரும் எதையும் முழுசாகப் பார்க்கவில்லை.
உம்கேனி சாலையில் இப்போது சபை கூடுகிறது;
திரை இருந்த இடத்தில் டிரம் செட்.
போன ஞாயிறு மாலில்
பதினொரு மணிக் காட்சிக்கு நாங்கள் நாலு பேர்.
ஒருவர் தூங்கினார்.
ஏடு நின்று இருபது வருஷம் ஆகியும்
கை இருட்டில் குறிப்பெடுக்கிறது.

அன்றிரவு போனில் அந்தப் பழைய படம் கிடைத்தது.
ஆறாம் சுருள் இருந்தது.

பதினொரு நிமிஷம். வசனமே இல்லை.
அவன் வெளியே மழையில்.
அவள் அடுக்களையில் ஒரு தட்டைக் கழுவுகிறாள்.
திரும்பக் கழுவுகிறாள். துடைக்கிறாள்.
நெடுநேரம் கழித்து
இரண்டாவது தட்டை எடுக்கிறாள்.

இயக்குநருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் இதுவும் நான் சொல்லவந்த பிழை அல்ல.

பெக்கியின் பாஸ் புத்தகம்
அன்று வேறொரு சட்டையில் இருந்தது.
முக்கில் பிடித்தார்கள். மூன்று நாள் உள்ளே.
ஆறாம் சுருள் ஸ்டேஷன் மேஜையில் கிடந்தது.
திங்கள் காலை வந்தான், உதடு கிழிந்து,
நசுங்கிய டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி.
நான் அங்கே நின்றிருந்தேன். கேட்டேன்:
"சுருளுக்கு ஒன்றும் ஆகலையே?"

செவ்வாய்க்கிழமைதான் விமர்சனம் அச்சுக்குப் போனது.

திருத்தி வாசிக்கவும்:
ஆறாம் சுருள் வராததற்குக் காரணம் இயக்குநர் அல்ல.
கொண்டுவந்தவன் பெயர் பெக்கி.
குடும்பப் பெயர் நான் கேட்டதில்லை.

இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது.
எனக்குக் கொடுத்தது முந்நூறு சொல்.
நேற்று எண்ணிப் பார்த்தேன்,
இருநூற்று எண்பதில் முடித்திருக்கிறேன்.